பிமினித் தீவின் சிங்கி இறால்கள்: எப்போது நடக்கின்றன, ஏன் நடக்கின்றன?

பஹாமாஸில் உள்ள பிமினித் தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சிங்கி இறால்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக எங்கே போகின்றன? ஒவ்வொரு வருஷமும் குறிப்பிட்ட தேதியில் கிளம்புமா? நம் மன்னார் வளைகுடாவின் சிங்கியும் இப்படி நடக்குமா? வாய்ப்புக் கிடைத்தால் நேரில் பார்க்க ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவை ஆழத்துக்குப் போகின்றன. தேதி பார்த்துக் கிளம்புவதில்லை, காற்றைப் பார்த்துக் கிளம்புகின்றன. நம் கடலில் அந்த அணிவகுப்புக்கான காரணமே இல்லை. ஆனால் நம் கடலில் வாழும் ஒரு சிங்கி இனம், வேறொரு கடலில் பிமினிச் சிங்கியை விடப் பத்து மடங்கு தூரம் நடக்கிறது. கடல் உயிரியல் படித்த நாளிலிருந்து இந்தப் பிராணி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பிமினியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அது புரிந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி. அமெரிக்காவின் மயாமி நகரத்துக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பிமினி. சின்னச் சின்னத் தீவுகள்தான். கிழக்குப் பக்கம் போனால் கிரேட் பஹாமா பேங்க் என்று சொல்லப்படும் பரந்த ஆழமில்லாத கடல் விரிந்து கிடக்கும். நாள் முழுக்கப் படகு ஓட்டினாலும் பெரும்பாலான இடங்களில் ஆழம் பத்து மீட்டரைத் தாண்டாது. வெயில் நாளில் அடிமணல் தெரியும். மேற்குப் பக்கம் நிலைமை நேர் எதிர். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தரை சரிந்து பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெதுவெதுப்பான நீரோட்டம் வருஷம் முழுக்க வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் தாம்பாளம், மறுபக்கம் கிணறு. இரண்டுக்கும் நடுவில் விளிம்பு போல நிற்கிறது தீவு.

டபராவில் ஊற்றிய காபி சீக்கிரம் ஆறிவிடும், டம்ளரில் இருப்பது சூடாகவே இருக்கும் இல்லையா? அதேதான் இங்கேயும். தாம்பாளம் போன்ற கிழக்குக் கடல் கோடையில் சீக்கிரம் சூடாகும், வாடைக்காற்று வீசினால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேற்கே ஆழத்தில் அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு கிடையாது. சிங்கியின் வருஷம் முழுவதும் இந்த இரண்டு கடல்களுக்கும் நடுவே நடக்கும் கதைதான்.

நீங்கள் வீடியோவில் பார்த்த இனத்தின் பெயர் பேனுலிரஸ் ஆர்கஸ், கரீபியச் சிங்கி. வெளிநாட்டு ஓட்டல் படங்களில் பெரிய கொடுக்கு வைத்த லாப்ஸ்டர் வருமே, அது வேறு குடும்பம். சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது. முதுகு ஓட்டில் முன்னோக்கி வளைந்த முட்கள், உடம்பை விட நீளமான தடித்த மீசை இரண்டு, அவ்வளவுதான் அதன் ஆயுதம். பஹாமாஸ் மக்கள் அதைக் ‘கிராஃபிஷ்’ என்கிறார்கள்.

தீவைச் சுற்றிய போக்குவரத்து என்றால் எல்லோருக்கும் அந்த வரிசை நடைதான் ஞாபகம் வருகிறது. உண்மையில் சிங்கி வேறு சில வகையிலும் இடம் மாறுகிறது. அவற்றைச் சொல்லாமல் வரிசையைப் பற்றி மட்டும் பேசினால் கதை பாதியில் தொடங்கும்.

தினசரி நடை ஒன்று உண்டு. பகலில் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) இடுக்கிலோ பாறைக்கு அடியிலோ பல சிங்கிகள் கூட்டமாக, மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். இருட்டிய பிறகு தனித்தனியாகக் கிளம்பிக் கடற்புல் பரப்புகளில் சிப்பி, நத்தை தேடித் தின்னும். விடிவதற்குள் திரும்பிவிடும். கரீபியக் கடலின் செயின்ட் ஜான் தீவில் 1969, 1970-ஆம் ஆண்டுகளில் டெக்டைட் என்ற திட்டத்தில் ஆய்வாளர்கள் கடலுக்கடியில் வீடு கட்டி அதிலேயே தங்கினார்கள். சிங்கியின் முதுகில் ஒலி எழுப்பும் சின்னக் கருவியைக் கட்டி, அது இரவில் எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். இருட்டில் சில நூறு மீட்டர் சுற்றிவிட்டு அதே இடுக்குக்கு, இல்லையென்றால் பக்கத்து இடுக்குக்கு அது சரியாக வந்து சேர்வது தெரிந்தது. வழி தெரிந்த பிராணி இது. இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

அப்புறம் வசந்த காலத்து நடை. மார்ச்சுக்குப் பிறகு தண்ணீர் சூடேற ஆரம்பித்ததும் இனப்பெருக்கக் காலம் வருகிறது. ஆண் சிங்கி பெண்ணின் நெஞ்சுப் பக்கத்தில் விந்துப் பொதியை ஒட்டி வைக்கும். பார்ப்பதற்குத் தார் பூசிய மாதிரிக் கறுப்பாக இருக்கும். முட்டை இடும் நேரத்தில் பெண் அதைக் காலால் கீறித் திறந்து முட்டைகளைக் கருவுறச் செய்து, வாலுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தாய் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும். முதலில் நல்ல ஆரஞ்சு நிறம், பொரிக்கும் நாள் நெருங்கும்போது பழுப்பு. சுமார் மூன்று, நான்கு வாரங்கள் இப்படிச் சுமந்துகொண்டே தாய் பாரின் வெளி விளிம்புக்கு, ஆழம் தொடங்கும் இடத்துக்குப் போய்விடும். தாம்பாளத்துக்குள் குஞ்சை விட்டால் அது அங்கேயே சுற்றி, காத்திருக்கும் ஆயிரம் வாய்களுக்கு இரையாகும். விளிம்பில் விட்டால் நீரோட்டம் திறந்த கடலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்.

குஞ்சு பார்க்கச் சிங்கி மாதிரியே இருக்காது. கண்ணாடித் தகட்டில் வெட்டிய சின்ன இலைக்குக் கால் முளைத்தது போல இருக்கும். அதன் அறிவியல் பெயரான ஃபில்லோசோமா என்பதற்கே ‘இலை உடல்’ என்றுதான் பொருள். ஆறு மாதம் போல அது கடலில் மிதந்து அலையும். பல தடவை உருமாறிய பிறகு ஒரு நாள் ஒளி ஊடுருவும் குட்டிச் சிங்கியாக மாறி, எதையும் தின்னாமல், சேர்த்து வைத்த சக்தியை மட்டும் நம்பிக் கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கும். பெரும்பாலும் அமாவாசையை ஒட்டிய இருட்டில், ஏறுவெள்ளத்தோடு உள்ளே வரும். ஆழமில்லாத கடலின் சிவப்புப் பாசிக் கொத்துகளில் ஒளிந்து வளரும். பிமினியில் வந்து சேரும் குட்டியின் தாய் பிமினிக்காரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறொரு நாட்டுப் பாரிலிருந்தும் வந்திருக்கலாம். அதனால்தான் ஒரு நாடு மட்டும் சினைச் சிங்கியைக் காப்பாற்றினால் போதாது என்று கடல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பாசியில் வளரும் குட்டி பெரிதானதும் பஞ்சு உயிர்களுக்கு அடியிலும் பாறை ஓட்டைகளிலும் குடியேறி, சில வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கப் பாருக்கு நகரும். இது மெதுவான இடமாற்றம், கண்ணுக்குப் படாது.

சரி, இப்போது அந்த வரிசைக்கு வருவோம்.

கோடை முடியும்போது கிரேட் பஹாமா பேங்கின் ஆழமில்லாத பரப்பில் சிங்கிகள் ஏராளமாக இருக்கும். அக்டோபர், நவம்பரில், நம் கணக்கில் ஐப்பசி கார்த்திகையில், வட அமெரிக்கக் கண்டத்திலிருந்து குளிர்காற்று தெற்கே இறங்கத் தொடங்கும். முதல் பலமான வாடை வீசும்போது மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தண்ணீர் சட்டென்று சில டிகிரி குளிர்கிறது. அலை அடித்தரையை உலுக்குகிறது. மணலும் சேறும் கலந்து கடல் கலங்கலாகிறது. சாதாரணமாகப் பகலில் தலை காட்டாத பிராணி, இப்போது பகல் வெளிச்சத்திலேயே திறந்த மணலுக்கு வந்துவிடுகிறது. ஒன்று நடக்க ஆரம்பிக்கும், இன்னொன்று அதன் பின்னால் சேரும், பிறகு இன்னொன்று. இரண்டு மூன்றிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்டவை வரை ஒரே வரிசையில் போகும். இப்படி வரிசை வரிசையாகச் சில நாட்களுக்கு, இரவு பகல் பார்க்காமல் நடை. பிமினியின் மேற்கு ஓரத்தில் அந்த வரிசைகள் தெற்கு நோக்கி நகர்வதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

இதை முறையாகப் பதிவு செய்தவர் வில்லியம் ஹெர்ன்கைண்ட். 1964-இல் அவரும் வில்லியம் கம்மிங்ஸும் சேர்ந்து பிமினியின் ஒற்றை வரிசை நடை பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்பாடு ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபடி, பல பத்தாண்டுகள் இந்தப் பிராணியோடு செலவிட்டார். அவருக்கு முன்பே மீனவர்களுக்கு இது தெரியும். புயல் வந்து போனால் கிராஃபிஷ் நடக்கும் என்பது தீவுக்காரர்களின் பழைய அறிவு. ஹெர்ன்கைண்ட் செய்தது அந்த அறிவுக்குக் காரணம் தேடியது.

ஏன் வரிசையாகப் போக வேண்டும்? கூட்டமாகப் பரவிப் போகலாமே?

ஒரு காரணம் தண்ணீரின் தடை. தண்ணீருக்குள் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று இடுப்பளவுக் கடலில் நடந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் போகிறவன் தண்ணீரைப் பிளந்து வழி விட்டால், ஒட்டிப் பின்னால் போகிறவனுக்குச் சுமை குறையும். சைக்கிள் பந்தயத்தில் ஒருவர் பின் ஒருவர் ஒட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். 1976-இல் பில் என்ற ஆய்வாளரும் ஹெர்ன்கைண்டும் இதை அளந்து காட்டினார்கள். தனித்தனியாகப் போகும் சிங்கிகளை விட, அதே எண்ணிக்கை வரிசையில் போகும்போது தண்ணீரின் இழுவை தெளிவாகக் குறைகிறது. அவை நடக்கும் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவில் இருக்கும். சில பத்து கிலோமீட்டர் போக வேண்டிய பிராணிக்கு இந்த மிச்சம் பெரிய சேமிப்பு.

வரிசை சேர்வதும் நிலைப்பதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். சேரும்போது கண் உதவுகிறது: முன்னால் ஒரு சிங்கி போவதைப் பார்த்துப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. சேர்ந்த பிறகு தொடுதல்தான். பெரிய மீசைக்கு நடுவில் இருக்கும் மெல்லிய சின்ன மீசையாலும் முன்னங்கால்களாலும் முன்னால் போகிறவனின் வாலை விடாமல் தொட்டுக்கொண்டே நடக்கும். கலங்கலிலும் இருட்டிலும் வரிசை அறுந்து போகாததற்கு இதுதான் காரணம். தலைமைக்கு நிரந்தர ஆள் யாரும் இல்லை. முன்னால் இருப்பது விலகினால் அடுத்தது வழி நடத்தும், இரண்டு வரிசைகள் எதிர்ப்பட்டால் ஒன்றாகிவிடும்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. திறந்த மணலில் ஒளிய இடமில்லை. ட்ரிகர்ஃபிஷ் என்ற மீன் சிங்கிக்குப் பெரிய எதிரி. நேரே பாயாமல் மீசையையும் கண்ணையும் கடித்துக் குலைத்துவிட்டுப் பிறகு உடம்பைத் தாக்கும். அப்படி ஒன்று நெருங்கினால் வரிசை சுருண்டு வட்டமாகிவிடும். வால்கள் எல்லாம் நடுவில், மீசைகள் எல்லாம் வெளியே. எந்தப் பக்கம் வந்தாலும் முள் நிறைந்த ஈட்டிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓய்வெடுக்க நிற்கும்போதும் சில நேரம் இதே வட்டம்தான். தனியாக மாட்டிய சிங்கியை விடக் கூட்டத்தில் இருப்பது பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஹெர்ன்கைண்டும் அவருடைய சகாக்களும் சோதனைகளில் கண்டார்கள்.

பிடிபட்ட சிங்கி கிறீச்சிடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? மீசையின் அடிப்பகுதியைக் கண்ணுக்குக் கீழே உள்ள மேட்டில் தேய்த்து அந்தச் சத்தத்தை உண்டாக்குகிறது. வயலின் தந்தியில் வில் பிடித்துப் பிடித்து வழுக்குவது போன்ற முறை அது என்று ஷீலா படேக் 2001-இல் காட்டினார். இதில் முக்கியம், ஓட்டின் கடினம் அதற்குத் தேவைப்படுவதில்லை. ஓடு கழற்றிய புதிதில், உடம்பு மெத்தென்று இருக்கும் போதும் எதிரியைப் பயமுறுத்த முடியும்.

ஓடு கழற்றுவது என்றதும் ஏன் போகின்றன என்ற கேள்வியின் மையத்துக்கு வந்துவிட்டோம். சிங்கி வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் அந்த வேலை இழுத்துக்கொண்டே போகும், புது ஓடு இறுகவும் நாளாகும். அதுவரை மெத்தென்ற உடம்போடு கிடப்பது உயிருக்கே ஆபத்து. குளிரும் அலையும் அடித்துப் புரட்டும் தாம்பாளத்தில் மாரிக்காலத்தைக் கழிப்பதை விட, வெப்பம் சீராக இருக்கும் ஆழத்து விளிம்பில் போய் இருப்பது மேல். நடப்பவற்றில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இனப்பெருக்கம் முடிந்த காலம் அது, சினை சுமந்தவை அந்த வரிசையில் இல்லை. அதனால் இது முட்டையிடப் போகும் பயணம் என்று சிலர் எழுதுவது தவறு. கரீபியச் சிங்கியின் இலையுதிர் கால நடை மாரியிலிருந்து தப்பிக்கும் நடை.

இதில் இன்னொரு கேள்வி இருக்கிறது. இன்றைய பஹாமாஸ் குளிர் அவ்வளவு கொடூரமா? இல்லை. அங்கேயே தங்கிவிடும் சிங்கிகளும் உண்டு. ஹெர்ன்கைண்ட் முன்வைத்த கருத்து, இந்தப் பழக்கம் பனியுக காலத்தில், அந்தக் கடலின் மாரி இன்றை விட மிகவும் கடுமையாக இருந்தபோது உருவாகியிருக்க வேண்டும் என்பது. அன்று போகாதவை செத்தன, போனவற்றின் சந்ததிதான் இன்றைக்கும் முதல் வாடையில் எழுந்து நடக்கிறது. எனக்கு இந்த விளக்கம் மிகவும் நியாயமாகப் படுகிறது.

வரிசை நடை என்ற யோசனையே இன்னும் பழையது. மொராக்கோவில் கிடைத்த ஆம்பிக்ஸ் என்ற ட்ரைலோபைட்டின் (எப்போதோ அழிந்துபோன கடல் கணுக்காலி) புதைபடிவங்களில், முள் நீண்ட சின்னப் பிராணிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நின்றபடியே புதைந்திருக்கின்றன. வயது சுமார் 48 கோடி வருஷம். 2019-இல் அதை ஆராய்ந்தவர்கள் ஒப்பிட எடுத்துக்கொண்டது இன்றைய சிங்கியின் வரிசையைத்தான். புயல் போன்ற ஏதோ ஒரு தொந்தரவு அவற்றையும் கிளப்பியிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழி எப்படித் தெரிகிறது? கலங்கலில் கண் உதவாது. அலை தரைக்கு அருகே முன்னும் பின்னும் அசைக்கும் அசைவை வைத்து ஆழம் எந்தப் பக்கம் என்று சிங்கி உணர முடியும். அதற்கு மேலே, அதனிடம் ஒரு காந்தத் திசைகாட்டி இருக்கிறது. 2003-இல் லாரி போல்ஸும் கென்னத் லோமனும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் பிடித்த சிங்கிகளை, வழி தெரியாதபடி மூடிய பெட்டியில் வைத்து, சுற்று வழியில் 12 முதல் 37 கிலோமீட்டர் வரை கொண்டுபோனார்கள். கண்ணை மூடிவிட்டு இறக்கினால், பிடித்த இடம் இருக்கும் திசையைப் பார்த்து நடந்தன. அடுத்து, காந்தச் சுருளுக்குள் வைத்து வடக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது போன்ற காந்தப் புலத்தை உண்டாக்கினார்கள், தெற்கே நடந்தன. தெற்கே இருப்பது போல மாற்றினார்கள், வடக்கே நடந்தன. முதுகெலும்பு இல்லாத ஒரு பிராணி தான் இருக்கும் இடத்தையே காந்தப் புலத்தை வைத்துக் கணிக்கிறது என்று முதன்முதலாகக் காட்டிய சோதனை அது. இரவில் இருட்டில் சுற்றிவிட்டு அதே இடுக்குக்குத் திரும்புகிறதே, அந்தத் திறமைக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும்.

விளிம்பை அடைந்ததும் வரிசைகள் கலைந்துவிடும். ஆழமான பார்களில், வெதுவெதுப்பான தண்ணீரில் சிதறி மாரியைக் கழிக்கும். திரும்பி வரும்போது வரிசை கிடையாது. வசந்தத்தில் தண்ணீர் சூடாகச் சூடாக ஒன்றும் இரண்டுமாக மேடேறி வரும். போனது ஊர்வலம், வருவது தனித்தனி ஆட்கள். அதனால்தான் எந்த வீடியோவிலும் திரும்பும் வரிசை இருப்பதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. மாதம் ஏறக்குறைய நிலையானது, நாள் நிலையானதில்லை. முதல் பலமான வாடை அக்டோபர் நடுவில் வந்தால் அப்போது, நவம்பரில் வந்தால் அப்போது. காற்று பலவீனமாகவே இருந்தால் வரிசைகளும் சின்னதாக இருக்கும். இதே இனம் மற்ற இடங்களிலும் இப்படித்தான். கியூபாவின் தெற்கே படபானோ வளைகுடாவில் மீனவர்கள் இந்தப் பெருநடைக்கு ‘ரெகாலோ’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மெக்ஸிகோவின் யுகடான் கரையிலும் வடகாற்று வந்தால்தான் நடை. வாடை எட்டாத தெற்குக் கரீபியத் தீவுகளில் இவ்வளவு பெரிய அணிவகுப்புக்கு வேலை இல்லை.

மீன்பிடிப்பு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஹாமாஸில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை சிங்கி பிடிக்கத் தடை, அதாவது இனப்பெருக்கம் நடக்கும் மாதங்கள். ஆகஸ்ட் 1-இல் பருவம் திறக்கும். சினைச் சிங்கியைப் பிடிக்கக் கூடாது, முதுகு ஓடு மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். அங்கே மணல் தரையில் தட்டையான கூரை போட்ட தங்குமிடங்களை அமைத்து, சிங்கிகள் தாமாகவே வந்து அடைந்த பிறகு முக்குளித்துப் பிடிக்கிறார்கள். கூட்டமாக வாழும் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை. தடைக்காலம் சரியான மாதங்களில்தான் இருக்கிறது. ஆனால் இலையுதிர் நடை திறந்த பருவத்துக்கு நடுவில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். பரந்த கடலில் சிதறிக் கிடந்தவை சில நாட்களில் குறுகலான ஒரு பாதையில் வந்து குவிகின்றன. யார் வேண்டுமானாலும் அள்ளலாம். பெரும் கூட்டம் தெரிகிறதே என்று வளம் குறையவே குறையாது என நினைப்பது அந்த நாட்களில் எளிது. பரந்த கடலின் கையிருப்பு முழுவதும் கண்முன்னே ஊர்வலம் போகிறது என்று நினைத்துப் பார்த்தால் கை தானாகக் கட்டுப்படும்.

இனி நம் சிங்கி. தமிழ்நாட்டுக் கரையோரத்தில் முக்கியமானது பேனுலிரஸ் ஹோமாரஸ். கரைக்கு அருகே, அலை மோதும் பாறைகளிலும் பார்களிலும் வாழும். மன்னார் வளைகுடாவில் அளவில் பெரிய, நல்ல வண்ணக் கோலம் போட்ட பேனுலிரஸ் ஆர்னேட்டஸும் உண்டு. மன்னார் வளைகுடாவின் மாரி பஹாமாஸ் மாரி மாதிரி தண்ணீரைச் சட்டென்று குளிர வைப்பதில்லை. ஆழமில்லாத கடலை விட்டு ஓட வேண்டிய அவசரம் அங்கே இல்லை. ஆனால் கலங்கலுக்கும் சிங்கிக்கும் உள்ள உறவு நம் மீனவர்களுக்கும் தெரியும். தூத்துக்குடிப் பக்கம் சிங்கி வலை போடும் ஒரு பெரியவர் என்னிடம், “கடல் தெளிஞ்சு கெடந்தா சிங்கி வலையைப் பாத்துக்கும் தம்பி, கலங்கினாத்தான் நமக்கு” என்றார். அலையிலும் கலங்கலிலும் அது இடுக்கை விட்டு அதிகம் நடமாடும் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். பிமினிக் கதையின் முதல் அத்தியாயம் மட்டும் நம் ஊரில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆர்னேட்டஸ் இனம்தான் நான் ஆரம்பத்தில் சொன்னது. ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவே டாரஸ் ஜலசந்தி இருக்கிறது. அங்கே வளரும் ஆர்னேட்டஸ் சிங்கிகள் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பாருகளை விட்டுக் கிளம்பி, பாப்புவா வளைகுடாவைக் கடந்து, யூல் தீவுப் பக்கம் வரை போகின்றன. அதிக தூரம் போனவை 500 கிலோமீட்டர் அளவுக்கு நடந்திருக்கின்றன. இது மாரியிலிருந்து தப்பிக்கும் நடை இல்லை, முட்டையிடப் போகும் நடை. போய்ச் சேர்ந்து இனப்பெருக்கம் முடிந்ததும் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடுகின்றன. குஞ்சுகளை பவளக் கடலின் நீரோட்டம் சுழற்றித் திரும்ப டாரஸ் பக்கம் கொண்டுவருகிறது. நடக்கும் கூட்டத்தை இழுவலைப் படகுகள் அள்ளியதைப் பார்த்து 1984-இல் அதற்குத் தடை போட்டார்கள். அந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன். ஆயிரக்கணக்கான வருஷங்களாக நடந்த வழியில், முட்டையிடுவதற்கு முன்பே பிடித்துவிட்டால் என்ன மிஞ்சும்?

நம் நாட்டில் 2003-இல் வந்த ஏற்றுமதி விதிப்படி ஆர்னேட்டஸ் 500 கிராமுக்கும் ஹோமாரஸ் 200 கிராமுக்கும் குறைந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது. நல்ல விதி. ஆனால் உள்ளூர்ச் சந்தையில் உள்ளங்கை அளவுச் சிங்கியும், முட்டையைச் சுரண்டி எடுத்த சினைச் சிங்கியும் விற்பனைக்குக் கிடப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வாலுக்கு அடியில் இருக்கும் துடுப்பு இழைகள் பிய்ந்து போயிருந்தால் முட்டையைச் சுரண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அப்படி இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏன் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, நேரில் பார்க்கும் ஆசை. டிக்கெட்டை அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை ஏதாவது ஒரு வாரத்துக்குப் போட்டால் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. பிமினிக்குப் போனதும் முக்குளிக்கும் கடைக்காரரை விட முதலில் அங்கே உள்ள மீனவர்களிடம் பேசுங்கள். வானிலை அறிக்கையில் ஃப்ளோரிடாவுக்கு வடக்கே குளிர்முகம் (குளிர்காற்றின் முன்விளிம்பு) இறங்குகிறது என்று வந்தால் அன்றைக்கே படகுக்குச் சொல்லி வையுங்கள். காற்று அடிக்கும்போது கடலில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. தணிந்த மறுநாள் காலை தண்ணீர் இன்னும் பால் கலந்த மாதிரிதான் இருக்கும், அதற்காகத் திரும்பிவிட வேண்டாம். தீவின் மேற்கு ஓரத்தில், மணலும் பாரும் சந்திக்கும் இடத்தில் மெதுவாகப் போங்கள். வரிசை கண்ணில் பட்டால் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளியே இருங்கள், முன்னால் போய் மறிக்காதீர்கள், கையால் தொடாதீர்கள். தொட்டால் வட்டம் போட்டு நின்றுவிடும், பிறகு மறுபடியும் வரிசை சேர நேரமாகும். அசையாமல் இருந்தால் உங்களைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.